32 துண்டு பீலே பந்து: கடைசித் தையல் ஒரு வழியாக மூடியது

பந்து மூடிவிட்டது. கடைசி முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி டீக்கடையில் பெரியவர்கள் கையில் கொடுத்தேன். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள், ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. இதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

நான் தைத்துக்கொண்டிருப்பது 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக் கால்பந்து, அடிடாஸின் டெல்ஸ்டார் மாதிரி. கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. துண்டு வெட்டுவது, துளை போடுவது எல்லாம் பந்து தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை. தையல் கோட்டில் பக்கம் 4.4 செ.மீ., ஓரம் தனி, பக்கத்துக்கு 8 துளை. மொத்தம் 90 பக்கம் சேர வேண்டும். அதில் 87 பக்கம் யார் வேண்டுமானாலும் தைக்கலாம். மீதி மூன்றில்தான் விஷயமே இருக்கிறது.

எதற்கு இந்த வேலை என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிருஷ்ணகிரியில் பீலே கட்சி என்று ஒன்று உண்டு. எல்லாரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். 1970ல் நம் பக்கம் டிவியே கிடையாது, மெட்ராஸுக்கே 1975ல்தான் வந்தது. பேப்பரில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தும், யாரோ படித்துச் சொல்லக் கேட்டும் ரசிகர் ஆனவர்கள் இவர்கள். பீலேயின் பிரேசில் இத்தாலியை 4-1 என்று அடித்த அந்த ஃபைனலைப் பல வருஷம் கழித்து, பேரன் போனில்தான் முழுசாகப் பார்த்திருக்கிறார்கள். 1986 உலகக் கோப்பையை டிவியில் பார்த்து வளர்ந்த மாரடோனா கட்சிக்காரர்கள் இதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள், "பார்க்காத ஆளுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்று.

2022 டிசம்பர் 29 நள்ளிரவு வாக்கில்தான் பீலே போன செய்தி நம் ஊருக்கு வந்தது. அதிலிருந்து அந்தத் தேதியில் சாயங்காலம் மைதானத்தில் கூடி, முட்டி வலிக்கிற வரைக்கும் ஆடுவது என்று வைத்திருக்கிறார்கள். போன தடவை பசங்கள் பளபளவென்று, தைக்காமல் ஒட்டின பந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பெரிய மாமா ஒரு உதை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏம் மாப்ள, இந்தப் பந்தைப் பீலே உதைச்சிருந்தா அது பெங்களூர் போய் விழுந்திருக்கும்டா. அவர் உதைச்சது தோலு" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு.

தோல் கிடைப்பதில் நமக்குக் கஷ்டமே இல்லை. பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டினால் வாணியம்பாடி, அதற்கு அப்புறம் ஆம்பூர். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சின துண்டுகளைக் கிலோ கணக்கில் தருகிறார்கள். ஆனால் அந்த மூட்டையில் முதுகும் வயிறும் கலந்து கிடக்கும், பார்த்துப் பொறுக்க வேண்டும். மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் இழுத்த பக்கம் வரும், முதுகுப் பக்கம் அசையாது. இரண்டையும் கலந்து தைத்தால் காற்றடித்தபின் பந்து ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் நாலு திசையிலும் இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர் பொறுமையானவர், "என்ன சார், புடவை எடுக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். பின்பக்கம் காடாத் துணி இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று மூலைவாட்டில் போகிற மாதிரி ஒட்டினேன். துணி நேராக ஒரு அடுக்கு மட்டும் என்றால் மூலைவாட்டில் இழுத்துக்கொள்ளும்.

நூல் பாலியெஸ்டர்தான், லினன் கிடைக்கவில்லை. மெழுகு அஞ்செட்டிப் பக்கத்துத் தேன்மெழுகு, மலைத்தேன் விற்பவரிடம் வாங்கியது. அதோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்த்து உருக்கினால் நூல் துளையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் மெழுகு நம் ஊர் சித்திரை வெயிலில் இளகிவிடுகிறது.

சரி, அந்த மூன்று பக்கத்துக்கு வருவோம்.

பந்தை உள்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி தைத்துக்கொண்டே வந்து, மூன்று பக்கத்தைத் திறந்து விட்டு, அந்த வாய் வழியாகப் புரட்டி, பிளாடரை (காற்று நிற்கிற உள்பை) நுழைத்து, அப்புறம் வாயை மூட வேண்டும். மூடும்போது மடிப்பு ஓரம் இரண்டும் உள்ளே போய்விட்டிருக்கும். துளை கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஊசியை விட்டுத் துழாவ வேண்டும், அதற்குக் கீழேயே பிளாடர் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் சொல்வது வளைந்த ஊசியால் குருட்டுத் தையல் போடு என்பதுதான். முதல் பந்தை அப்படித்தான் மூடினேன். மூடியது என்னவோ உண்மை, ஆனால் அந்த இடம் மட்டும் கோணலும் மாணலுமாக, எங்கே முடிந்தது என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஊசிக்கும் அலைந்தேன். மாங்காய் மண்டியில் மூட்டை தைக்கிற கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி வளைத்தேன், அது துளையைக் கிழிக்கிற அளவுக்குப் பருமன். கடைசியில் ராயக்கோட்டை சாலையில் கார் சீட் தைக்கிற அண்ணன்தான் தன்னிடமிருந்த வளைவு ஊசி ஒன்றைக் கொடுத்தார். அது நல்ல ஊசி. ஆனாலும் ஊசியில் இல்லை கோளாறு, அந்த முறையிலேயேதான் இருக்கிறது.

இந்தப் பந்தில் தலைகீழாகப் போனேன். பந்தைப் புரட்டுவதற்கு முன்னாலேயே, துளை கண்ணுக்குத் தெரிகிறபோதே, அந்த மூன்று பக்கத்துக்கும் நூல் கோத்துவிட்டேன், இறுக்காமல். ஒவ்வொரு தையலையும் ஏணிப்படி மாதிரி நீளமாகத் தொங்கவிட்டால், வாய் திறந்தே இருக்கும், பந்தும் புரளும், பிளாடரும் போகும். அப்புறம் ஒவ்வொரு படியாக இழுத்து இறுக்கினால் போதும், ஊசிக்கு வேலையே இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. முதல் சிக்கல் மெழுகு. குங்கிலியம் போட்ட நூல் துளையைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது, தொங்கவிட்ட படிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதனால் இந்த மூன்று பக்கத்துக்கு மட்டும் குங்கிலியம் இல்லாத நூல், மெழுகும் பேருக்குத்தான், மேலே முகத்துக்குப் போடுகிற பவுடர் தடவினேன். வீடு முழுக்கப் பவுடர் வாசம். அடுத்தது, புரட்டும்போது படிகள் பின்னிக்கொள்வது. பக்கத்துக்கு ஒரு கிளிப் போட்டு, துணி காயப்போடுகிற கிளிப்தான், தனித்தனியாகப் பிடித்து வைத்தேன். தோலை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளாமல் புரட்ட முயற்சி செய்யாதீர்கள், காடாத் துணி ஒட்டின தோல் முரடு, மூலையில் தையல் பிய்ந்துவிடும்.

இறுக்குவது குரோஷா ஊசியால். அதன் கொக்கி பிளாடரில் பட்டால் எல்லாம் போச்சு. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, முனைகளை உருட்டையாக்கி, தையலுக்கும் பிளாடருக்கும் நடுவே நுழைத்தேன். வளையும், கிழியாது, வழுக்கிக்கொண்டு வெளியேயும் வந்துவிடும். இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே மூச்சில் முழுசாக இறுக்கினால் அடுத்த படி விறைத்துப்போய்க் கொக்கியில் மாட்டாது. பாதி இறுக்கு, பிளாடரில் கொஞ்சம் காற்று விடு, ஓரம் இரண்டும் ஒன்றையொன்று முட்டி நிற்கும், மறுபடி முதலிலிருந்து இறுக்கு. காற்று கொஞ்சம் கூடினாலும் வாய் பிளந்துகொள்ளும். நடுவில் இரண்டு படி மிச்சம் இருக்கும்போது ஃபிலிமை உருவிவிட்டு, அந்த இரண்டையும் விரல் நகத்தாலேயே இழுத்தேன். நூலின் இரண்டு நுனியும் நடுவில் சந்திக்கும். இரட்டைச் சுற்று முடிச்சு, வளைவு ஊசியால் உள்ளே தள்ளி, மிச்ச நூலைப் பக்கத்துத் தையலுக்கு அடியில் கொண்டுபோய் ஒட்ட வெட்டினேன். சீட் அண்ணனின் ஊசிக்கு இந்த ஒரே வேலைதான்.

காற்றடித்தபின் சுற்றளவு 69 செ.மீ.யும் சொச்சமும். பெரியவர்கள் ஆடுகிற சைஸ் 5க்கு 68லிருந்து 70 வரை இருக்கலாம். எடை 440 கிராம் பக்கம், 450 என்ற வரம்பைத் தாண்டவில்லை. உருண்டையா என்று கேட்டால், தரையில் உருட்டினால் நேராகப் போகிறது. போதும்.

பிளாடர் கதையைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஆன்லைனில் பியூட்டைல் (காற்றை நன்றாகப் பிடித்து வைக்கிற ரப்பர்) என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன், வந்தது லேடக்ஸ். லேடக்ஸ் நன்றாகத் துள்ளும், ஆனால் ராத்திரி அடித்த காற்று காலையில் பாதிதான் இருக்கும். திருப்பி அனுப்பக் கேட்டால் பேக்கெட் பிரித்தாயிற்று என்றார்கள். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வதாம்? பந்துகளுக்குப் பேர்போன ஜலந்தரிலிருந்து வரவழைப்பதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். யாராவது பங்கு சேர்ந்தால் சொல்லுங்கள்.

நிறத்தில் இன்னும் வேலை இருக்கிறது. கறுப்பு நன்றாக ஏறிவிட்டது. வெள்ளைப் பூச்சு தையல் ஓரத்தில் மெலிசாக வெடித்திருக்கிறது, இறுக்கும்போது தோல் மடங்கினதால். இன்னொரு கை பூச வேண்டும். கறுப்பு வெள்ளை டிவியில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த நிறமே, டெல்ஸ்டார் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அந்த உலகக் கோப்பைக்கு அடிடாஸ் இதில் 20 பந்துதான் கொடுத்தது என்பார்கள், சில மேட்சில் பழுப்புப் பந்துதான் ஆடியிருக்கிறது. ஃபைனல் ஜூன் 21, மெக்சிகோ சிட்டியில், உச்சிவெயில் 12 மணிக்கு. அதுவும் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே. 18வது நிமிஷத்தில் பீலே எம்பித் தலையால் அடித்தது ஒரு தோல் பந்தை. தைத்த பந்தைத் தலையால் ஒரு தடவை முட்டிப் பாருங்கள், தையல் மேடு நெற்றியில் பதியும்.

பெரிய மாமாவிடம் கொடுத்தபோது அவர் உதைக்கவில்லை, முதலில் மூக்கில் வைத்து மோந்தார். அப்புறம் கல்கத்தா கதை வந்துவிட்டது. பட்டாளத்தில் இருந்தபோது அவருக்கு அங்கே போஸ்டிங். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், கல்கத்தாவின் மோகன் பகானும், பீலே அப்போது ஆடிக்கொண்டிருந்த நியூயார்க் காஸ்மாஸும். மழை பெய்து மைதானம் சேறு. பீலேக்கு அப்போது 36 வயசு, மோகன் பகானின் கௌதம் சர்க்கார் அவரை நகர விடாமல் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தாராம். மோகன் பகானுக்கு ஹபீபும் ஷ்யாம் தாப்பாவும் கோல் போட்டு 2-2. "பீலே ஒண்ணும் பெரிசா ஆடலை மாப்ள" என்று அவரே ஒத்துக்கொள்வார், "ஆனா அந்த ஆளு நடந்து வந்தாரே, அது போதும்" என்பார். அதே காஸ்மாஸ் டீமில் கார்லோஸ் ஆல்பர்டோவும் வந்திருந்தார். 1970 ஃபைனலில் பீலே திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை ஓடி வந்து நாலாவது கோலாக்கினவர். அந்த கோலைச் செய்த இரண்டு பேரையும் ஒரே சேற்றில் பார்த்திருக்கிறார் எங்கள் மாமா. மாரடோனா கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

சேறு என்றதும் ஞாபகம் வந்தது. பூச்சு இல்லாத முதல் பந்தை வாளித் தண்ணீரில் ஊற வைத்து எடை போட்டேன், நூறு கிராமுக்கு மேல் ஏறிக்கொண்டது. வெள்ளைப் பூச்சு ஏறின பந்தையும் இதே மாதிரி முக்கிப் பார்க்கணும், ஆனால் மனசு வரவில்லை.

வெள்ளையை முடிக்காமலே அடுத்ததற்கு அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். 1958 ஸ்வீடன் பந்து. 17 வயசில் பீலே ஆறு கோல் போட்ட உலகக் கோப்பை அது. 24 துண்டுப் பந்து, நீள நீளத் துண்டுகள், அறுகோணம் ஒன்றும் இல்லை. பழுப்புத் தோல் என்பதால் வெள்ளைப் பூச்சுத் தொல்லையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் நீளமாக இருப்பதால் தோல் ஒரே திசையில் இழுக்கும், காடாத் துணியை எந்த வாட்டத்தில் ஒட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை. நீளத் துண்டில் தைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மூன்றாவது அடுக்கு போடலாமா, போட்டால் எடை 450க்குள் நிற்குமா? வாணியம்பாடிக்கு அடுத்து எப்போது போகிறேனோ, அதற்குள் தெரிந்தால் தோலை அதற்கேற்ற மாதிரி மெலிசாகப் பொறுக்கிவிடுவேன்.