எச்.ஐ.வி. சிகிச்சையில் குடும்ப மருத்துவர் கேட்க வேண்டியவை

ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. எதிர்ப்பு மாத்திரையால் வைரஸ் அளவு கட்டுக்குள் வந்தபிறகு, எச்.ஐ.வி. உள்ளவருக்கு அதிகம் தேவைப்படுபவர் குடும்ப மருத்துவர்தான். சர்க்கரை, கொழுப்பு, நெஞ்செரிச்சல் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் (நெஞ்செரிச்சல் மருந்து) குடித்தால், அந்த உலோகங்கள் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் போதிய அளவு சேராது. ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிர் எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். இவை இரண்டை மட்டும், சாப்பாட்டோடு என்றால், டோலுடெக்ராவிரோடு சேர்த்தே விழுங்கலாம். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தயவுசெய்து பெயர் சொல்லிக் கேளுங்கள்.

டோலுடெக்ராவிர், சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். பொதுவாக மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின், டோலுடெக்ராவிர் தொடங்கியதும் ரத்தத்தில் லேசாக ஏறி நின்றால் பதற வேண்டாம், அது வெளியேறும் வழி மட்டுமே தடைபடுகிறது. தொடர்ந்து ஏறினால், கூடவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தும் இருந்தால், சிறுநீரில் புரதம் பாருங்கள்.

ரிட்டோனாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவருக்கு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் எழுதவே கூடாது, தசை சிதையும். அவருக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும், மூக்கு ஸ்ப்ரேகூட, ஸ்டீராய்டு அளவை உடலில் ஏற்றிவிடும். எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தொற்றும் இருந்தால் டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தாதீர்கள்; அந்த வைரஸையும் அதுவே அடக்குகிறது, நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழும்.