மொரிஸ் மைனர் மீட்டர் கம்மியா காட்டுது: இதுவரைக்கும் செஞ்சு பார்த்தது

டிக்கோயாவுல எங்க வீட்டு வாசல்ல நிக்கிறது 1959 மொரிஸ் மைனர் 1000 கார், 948 சிசி, இலங்கையோட பழைய ஸ்ரீ நம்பர், மாமா வச்சிருந்து எனக்கு வந்த வண்டி. ஸ்பீடோ மீட்டர் முள்ளு ஆடிக்கிட்டேதான் இருக்கும், பழைய வண்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். போன மாசம் அட்டனுக்கு போறப்ப பக்கத்துல இருந்த தம்பி போனை பார்த்துட்டு "அண்ணே, 52ல போறீங்க"ன்றான், எனக்கு முள்ளு 30 மைல்ல நிக்குது, அதாவது 48 கிலோமீட்டர். டவுனுக்குள்ள லிமிட் 50. கூட காட்டுனா பரவாயில்ல, கம்மியா காட்டுறதுதான் எனக்கு பயம், நாலு பக்கமும் ட்ரம் பிரேக் உள்ள வண்டிய வச்சிக்கிட்டு இந்த இறக்கத்துல எவ்வளவு வேகத்துல வர்றோம்னு சரியா தெரியணும்.

மொதல்ல முள்ளு ஆடுறத பார்த்தேன். மீட்டர் பக்கம் கழட்டி கேபிளோட உள் வயர உருவுனா பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகி கெடக்கு. மண்ணெண்ணெயில கழுவி மேசை மேல உருட்டிப் பார்த்தேன், எங்கயாவது மடிஞ்சிருந்தா அந்த எடத்துல தவ்வும், இது நேரா உருண்டுச்சு. புது கிரீஸ் ரொம்ப மெல்லிசா போட்டேன், மீட்டர் பக்கம் கடைசி 8 அங்குலத்துக்கு போடவே இல்ல, போட்டா கிரீஸ் மேல ஏறி மீட்டருக்குள்ள போயிரும். டேஷ்போர்டுக்கு பின்னால கேபிள் நெருக்கி வளைஞ்சிருந்துச்சு, அத பெரிய வளைவா மாத்துனேன். முள்ளு ஆடுறது நின்னுருச்சு. கம்மியா காட்டுறது அப்படியே இருக்கு.

இந்த எடத்துல மீட்டர தொறந்துடலாம்னு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டேன். உள்ள காந்தம் சுத்தும், அது அலுமினிய கிண்ணத்த இழுக்கும், தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங் அத திருப்பி இழுத்துப் பிடிக்கும், அந்த ஸ்பிரிங்க தொட்டா திரும்ப செட் பண்றது லேசுல இல்ல. எங்க மெக்கானிக் பாஸ், அம்பது வருஷம் இந்த வண்டிங்கள பார்த்த மனுஷன், "தம்பி, தொறக்காத, மைல் ஓடுறதும் கொறையுதான்னு பாரு"ன்னாரு. அதுதான் விஷயமே. வேகத்த காட்டுறது காந்தமும் ஸ்பிரிங்கும், மைல எண்ணுறது வெறும் பல்லு சக்கரம். வேகம் மட்டும் தப்புன்னா மீட்டர்ல கோளாறு, ரெண்டும் ஒரே அளவுக்கு தப்புன்னா கேபிளே தேவைக்கு கம்மியா சுத்துது, மீட்டர் மேல குத்தம் இல்ல.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை, ரோட்டுல ஆள் இல்லாத நேரமா பார்த்து, அட்டன்ல இருந்து கொட்டகலை தாண்டி தலவாக்கலை பக்கம் கிலோமீட்டர் கல்ல எண்ணிக்கிட்டே போனோம். 16 கிலோமீட்டர்னா 10 மைலுக்கு கொஞ்சம்தான் கம்மி, மீட்டர் 9த்த இப்பதான் தாண்டியிருக்கு. அப்புறம் நுவரெலியாவுல கிரகரி வாவி ஓரமா, எங்க பக்கம் இப்படி தட்டையான ரோடு கிடைக்காது, முள்ள 30ல பிடிச்சு 1 கிலோமீட்டர் ஓட்டுனேன். 74 விநாடிக்கு மேல ஆகணும், 68ல வந்துருச்சு. ரெண்டுலயும் நூத்துக்கு எட்டு கொறைவு. மீட்டர் தப்பிச்சிருச்சு!

அடுத்தது கேபிள் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணணும். ஸ்டோர் முன்னால லொறி நிக்கிற சமதரையில வண்டிய நியூட்ரல்ல போட்டு, கேபிள் நுனியில அட்டை முள்ளு ஒன்னு ஒட்டி, பின் டயர்ல சோக்கால கோடு போட்டு, டயர் சரியா 6 சுத்து சுத்துற வரைக்கும் தம்பியும் ரெண்டு பயலுகளும் தள்ளுனாங்க, கேபிள் 9.2 சுத்து, மூணு தடவையும் கிட்டத்தட்ட அதேதான். சக்கர நடுவுல இருந்து தரைக்கு 11.2 அங்குலம். ஒரு மைல் 63,360 அங்குலம், அத டயரோட 6 சுத்து தூரத்தால வகுத்தா கணக்கு சுருங்கி 1680 தர கேபிள் சுத்து எண்ணிக்கை, வகுத்தல் அரை விட்டம்னு வரும். எனக்கு 1380 வந்துச்சு. ஸ்மித்ஸ் மீட்டர் முகத்துல கீழ பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், மைலுக்கு எத்தன சுத்துக்கு செஞ்சதுன்னு, என்னோடதுல 1504. எட்டு கொறையுறது இங்கதான்.

கேபிள சுத்த வைக்கிறது கியர்பாக்ஸ், அதுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிறது டிஃப், அதாவது பின் ஆக்சில்ல இருக்கிற டிஃபரென்ஷியல் பல்லு சக்கரம். அப்ப யாரோ டிஃப்ப மாத்தியிருக்காங்க. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு அணை வச்சு, ஹேண்ட் பிரேக்க விட்டு, பின்னால ஒரு பக்கம் மட்டும் ஜாக் போட்டு தூக்கி அந்த சக்கரத்த ரெண்டு முழு சுத்து சுத்துனேன் (ஒரு பக்கம் மட்டும் சுத்துறப்ப ரெண்டு சுத்துதான் ஒரு சுத்துக்கு கணக்கு), கியர்பாக்ஸ்ல இருந்து டிஃப்புக்கு வர்ற ஷாஃப்ட் நாலே கால் சுத்து கிட்ட நின்னுச்சு. 948க்கு 4.555, நாலரைக்கு கொஞ்சம் மேல வரணும், என்கிட்ட இருக்கிறது 1962க்கு அப்புறம் வந்த 1098 வண்டியோட 4.22. ஏத்தத்துல மூணாவது கியர்ல ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு இத்தன நாளா கார்பரேட்டர நோண்டிக்கிட்டு இருந்தேன், அதுக்கும் காரணம் இதுவாத்தான் இருக்கணும்.

இப்போதைக்கு டேஷ்ல ஒரு துண்டு ஒட்டியிருக்கேன், முள்ளு 23 வந்தா 40 கிலோமீட்டர், 28 தாண்டுனா 50, 34 வந்தா 60. பண்டாரவளையில ஒருத்தர்கிட்ட பழைய 4.555 இருக்காம், பல்லு நல்லா இருந்தா வாங்கி போட்ருவேன். கணக்குப்படி அதுக்கு கேபிள் 1490 சுத்தணும், 1504க்கு அது போதும். போட்டதும் அதே 16 கிலோமீட்டர் திரும்ப ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன்.