தார் போட்ட மறுநாள் எல்லா ரோடும் நல்ல ரோடுதான்

தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்க தெருவுல ரோடு ஒழுங்கா போட்டிருக்கானா, பார்த்துச் சொல்லேன்." மேலே நின்று பார்த்தால் எனக்கும் தெரியாது. புதுத் தார் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

காண்ட்ராக்டர் எப்படிப்பட்டவர் என்பது அதற்குக் கீழே இருக்கிறது. மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டும் கட்டத்தில் சின்னதாக ஒரு குழி எடுப்போம். தோண்டிய மண்ணை எடை போட்டு, குழியில் அளந்த மணலை ஊற்றி அதன் கொள்ளளவைக் கணக்கிடுவோம். ரோட்டைத் தாங்கும் மேல் 50 செ.மீ. மண், அதே மண்ணை லேபில் இடித்துப் பார்த்தபோது கிடைத்த அதிகபட்ச அடர்த்தியில் 97 சதவீதமாவது இறுகியிருக்க வேண்டும். அதற்கு மேல் வரும் வெட் மிக்ஸ் ஜல்லிக்கு (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி) 98 சதவீதம். குறைந்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் கை வைத்திருப்பார்கள். கோடையில் டேங்கர் தண்ணீர் காசு; காய்ந்த மண்ணில் ரோலர் எத்தனை முறை போனாலும் இறுகாது.

சில காண்ட்ராக்டர்கள் ரிசல்ட் வருவதற்கு முன்பே, "அந்த இடத்தை மறுபடி நனைச்சு உருட்டுங்கப்பா" என்பார்கள். சிலர், "மேடம், இங்க வேண்டாம், அங்க எடுங்க" என்பார்கள். அவர்கள் காட்டும் இடத்தை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்விடுவேன். ஓரம் சரியும் என்று ரோலர் ஓட்டுபவர் அங்கே போகத் தயங்குவார். ரோடும் முதலில் அங்கேதான் உடையும்.

தார்க் கலவை சரியா என்று பார்க்க, ஒரு தெர்மாமீட்டர் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வி.ஜி.30 என்ற வகைத் தார் என்றால், கலவை தயாராகும் பிளான்டில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது. 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். தார்ப்பாய் மூடாமல் டிப்பரில் வந்த கலவை மேலே ஆறி ஏடு கட்டியிருக்கும். அதைத் திருப்பி அனுப்பினால் ஏற்படும் சண்டை தனிப் பதிவுக்கான விஷயம்.

சரி, இதெல்லாம் ஒரு வேலையின் தரம். ஆளின் தரத்துக்கு மார்க் உண்டா? தேசிய நெடுஞ்சாலை ஆணையம், நெடுஞ்சாலையைக் கட்டிப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு 100-க்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. அதில் 80 ரோட்டின் நிலைக்கு: மேடு பள்ளம், குழி, விரிசல், ஜல்லி பெயர்வது, சக்கரத் தடம் பதிவது, ஒட்டுப்போட்டது. மீதி 20, புகார்களையும் குறைகளையும் எவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிறார்கள் என்பதற்கு. 70-க்குக் கீழே போனால், மார்க் தேறும்வரை புது வேலை கிடையாது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலும் போட்டவரே 5 வருடம் பராமரிக்க வேண்டும். வெளியிலிருந்து தேசியத் தரக் கண்காணிப்பாளர் வந்து பார்ப்பார்.

நம் தெரு ரோடுகளில் கதை வேறு. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. நாங்கள் கொடுத்த ரிசல்ட் அந்த பில்லோடு ஃபைலில் போய்விடும். அடுத்த டெண்டர் திறக்கும்போது அதை யாரும் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் பொள்ளாச்சி நெடுஞ்சாலைக் கோட்டத்தில் ரோடுகளை மொத்தமாகச் சேர்த்து 5 வருடப் பராமரிப்புக்குக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்து, நிலையைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். மோசமாகப் போட்டால் தன் செலவில் திரும்பப் போட வேண்டும் என்றால், தண்ணீர் டேங்கர் தானாக வந்துவிடும்!

காண்ட்ராக்டரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. நல்லபடியாகப் போட்ட ரோட்டைக் குடிநீர்க் குழாய்க்கு வெட்டி, வெறும் மண்ணைத் தள்ளி மூடினால், அந்தப் பள்ளம் அவர் கணக்கில் சேரக் கூடாது. வடிகால் இல்லாத ரோட்டில் தண்ணீர் தேங்கித் தார் பெயர்வதும் அப்படித்தான். அது டிசைன் போட்டவர் கணக்கு.

அப்புறம், புது ரோட்டில் டிபன் பாக்ஸ் அளவுக்கு வட்டமாக ஓட்டை இருந்தால் அது நாங்கள் கோர் (சோதிப்பதற்காக உருளையாக வெட்டி எடுக்கும் துண்டு) எடுத்த இடம். அன்றைக்கே கலவை போட்டு இடித்து மூட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி அங்கிருந்தே ரோடு கெடும். மூடாமல் கிடந்தால் தாராளமாக எங்களையும் சேர்த்துத் திட்டலாம்.