சட்டைப் பட்டன் யார் போடுகிறார்கள்?

புற்றுநோயாளிகளுக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியையே கட்டிக்கு எதிராகத் திருப்பிவிடும் மருந்து, ஏற்றும் டேகேர் வார்டில் டிரிப் போடுவதற்கு முன்பு நோயாளியிடம் கேட்க ஒரு பட்டியல் உண்டு. வயிற்றுப்போக்கு இருக்கிறதா, இருமல், மூச்சுத்திணறல் இருக்கிறதா, தோலில் தடிப்பு, அரிப்பு வந்ததா என்று போகும். குடலோ நுரையீரலோ கல்லீரலோ கெட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவை முதலில் வருவது நியாயம்தான். மூட்டு கடைசியில் வரும். "வலி ஏதும் இருக்கா?" "பெருசா ஒண்ணும் இல்ல சிஸ்டர்." அதோடு அந்தக் கட்டம் நிரம்பிவிடும்.

இத்தனை வருட வேலையில் நான் நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்ட பதில் இது. நோயாளிகள் பொய் சொல்வதில்லை. புற்றுநோய் என்று கேட்ட காதுக்கு விரல் கணு வீங்குவதெல்லாம் சொல்லத் தகுந்த விஷயமாகத் தோன்றுவதில்லை. அதைவிடப் பெரிய காரணம் பயம். வலியைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை விரல் நுனியால் பிடிக்காமல் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையோடு சேர்த்துக் கையை இழுத்தார். ஊசிக்கு நரம்பு பார்க்கும் சாக்கில் அவர் கையை வாங்கிப் பார்த்தேன். முஷ்டி மடக்கினால் கணுக்களுக்கு நடுவே தெரியும் பள்ளங்கள் அந்தக் கையில் இல்லை. மணிக்கட்டு சூடாக இருந்தது.

"ஐயா, காலையில சட்டைப் பட்டன் யாரு போடுறாங்க?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் பதில் சொன்னார்: "ரொம்ப நாளா நான்தான் போட்டு விடுறேன் சிஸ்டர். டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

இந்த மருந்துகள் கட்டியை நேரடியாகத் தாக்குவதில்லை. நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களான நம் டி செல்கள் எல்லை மீறாமல் இருக்க உடம்பே சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. சி.டி.எல்.ஏ-4 ஒன்று, பி.டி-1 இன்னொன்று. அந்தப் பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும் என்பதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகை மருந்துகளில் இபிலிமுமாப் 2011இல் அனுமதி பெற்றது. பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் 2014இல் வந்தன. பிரேக் விடுபட்ட செல்கள் கட்டியோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூட்டின் உள்சவ்வுக்குள் அவை புகுந்தால் அது வீங்கி நீர் கோத்துக்கொள்கிறது.

பார்த்தால் முடக்குவாதம் போலவே இருக்கும். ஆனால் அதற்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனைகள் இவர்களில் பெரும்பாலோருக்கு நெகட்டிவ் என்றே வரும். "ரிப்போர்ட் நார்மல், வயசாயிடுச்சு, அதான் வலி" என்று அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. எத்தனை பேருக்கு மூட்டுவலி வருகிறது என்பதில்கூட மருத்துவ ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1 சதவீதத்திலிருந்து 43 சதவீதம் வரை விதவிதமாகப் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு மருந்து மட்டும் காரணமாக இருக்க முடியாது. யார் எப்படிக் கேட்டார்கள், எதைக் குறித்தார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் இப்போது நான் வலியைப் பற்றிக் கேட்பதே இல்லை, வேலையைப் பற்றிக் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? குழாயைத் திருக முடிகிறதா? மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்கள்? தேய்மானத்தால் வரும் மூட்டுவலி உழைக்க உழைக்கக் கூடும், ஓய்வில் குறையும். இது நேர்மாறு. விடியற்காலையில் இறுகிப் பிடித்திருக்கும், அரை மணி, ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு இளகும். பதினொரு மணிக்கு டாக்டர் அறைக்குள் நுழையும்போது கை ஓரளவு சரியாகிவிட்டிருக்கும். அதனாலும் "ஒண்ணும் இல்ல" என்ற பதில் வருகிறது.

சிலருக்கு விரலில் ஒன்றும் இருக்காது. தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். தலை வாரக் கை தூக்க முடியாது, நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். அதோடு புதிதாகத் தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ, பார்வை மங்கலோ சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலியால் தூக்க முடியாதது வேறு, பலம் இல்லாமல் தூக்க முடியாதது வேறு. பலம் குறைந்து, கண் இமை தொங்கி, மூச்சு வாங்கினால் அது தசை அழற்சியாக இருக்கலாம்; இதயத் தசையையும் சேர்த்துப் பிடிக்கக்கூடியது. தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் சி.கே., ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைகளும் இ.சி.ஜி.யும் அன்றே எடுத்தாக வேண்டும். இரவில் ஒரே இடத்தில் குடையும் எலும்பு வலி என்றால் நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பட்டன் கேட்டு மாட்டிக்கொண்டவருக்கு அன்று டிரிப் போடவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. எதற்குப் பயந்தாரோ அதுதான் நடந்தது என்று நினைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், இது தள்ளிவைப்பு, நிறுத்தம் இல்லை. அது ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. லேசான வலி என்றால் வலி மாத்திரை கொடுத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடர்வார்கள். அன்றாட வேலையே தடைப்படும் அளவுக்கு வந்தால் மருந்தைச் சிறிது தள்ளிவைத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 10 முதல் 20 மில்லிகிராம் வரை ஆரம்பித்து மெல்லக் குறைப்பார்கள். வீக்கம் ஓரிரண்டு மூட்டில் மட்டும் என்றால் அங்கேயே ஊசி போடலாம். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாமல் போனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் இருக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் டோசிலிசுமாப் போன்றவை. மூட்டுவாத நிபுணரை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார்களோ அவ்வளவு நல்லது. அடக்கிவிட்டால் பலர் இம்யூனோதெரபிக்குத் திரும்புகிறார்கள். அவரும் திரும்பினார்.

மறைத்து வைப்பதில்தான் உண்மையான நஷ்டம். நாள் கடந்தால் அழற்சி மூட்டை அரித்துவிடலாம்; அப்படி அரித்த இடம் பழையபடி ஆகாது. வீட்டிலேயே கண்ட வலி மாத்திரையைப் போட்டு சிறுநீரகம் பாதித்து, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி வந்தவர்களையும், ஸ்டீராய்டைச் சொந்தமாக வாங்கிப் போட்டுத் திடீரென விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். "வலி வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. இத்தகைய பக்கவிளைவு வந்தவர்களுக்குக் கட்டி நன்றாகக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வலி வராதவர்களுக்கும் கட்டி குறைகிறது. அதற்காக யாரும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூட்டுவலி ஆளைக் கொல்லாது என்பதால்தான் அது பட்டியலின் அடியில் கிடக்கிறது. வாழ்வு மாதக் கணக்கில்தான் என்று சொல்லிவந்த நோய்களில் இன்று சிலர் வருடக் கணக்கில் வாழ்கிறார்கள். அத்தனை வருடமும் அவர்களுக்குக் கை வேண்டுமே!

சிகிச்சை முடிந்து போகிறவர்களிடம் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன். கடைசி டிரிப்புக்குப் பிறகும் இந்த மருந்தின் வேலை மாதக் கணக்கில் தொடரும். வயிறும் தோலும் சரியான பின்னும் மூட்டு மட்டும் அடங்காமல் இருக்கலாம்; முதல்முறையாக அப்போதுதான் வலி தொடங்கவும் செய்யலாம். அந்த நேரத்தில் அவர்கள் போய் நிற்பது எங்கள் வார்டில் இருக்காது, வேறு ஏதோ ஒரு டாக்டர் முன்னால் இருக்கும். அவருக்கு இது தெரிய வழியில்லை. அதனால் மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய அட்டையைப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன்பே அதை எடுத்து நீட்டுங்கள் என்கிறேன்.