தாத்தாவின் பாரவண்டி

ஜனவரி 19, 2025

தண்டையார்பேட்டை வீட்டின் பின்கட்டில் கிடந்த தகரங்களை எல்லாம் இன்று அகற்றினோம். வண்டி முழுதாகக் கண்ணில் பட்டது. சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்திலிருந்து கொத்தவால் சாவடிச் சந்தைக்குத் தாத்தா மூட்டை ஏற்றிப் போன வண்டி. 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபின் அது நகரவே இல்லை. நுகத்தடியில் மாடுகளின் கழுத்து உரசி வழுவழுப்பான இரண்டு பள்ளங்கள். அங்கே உப்புத்தாள் படவே கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26

வலது சக்கரம் பிழைத்திருக்கிறது. இடது சக்கரம் மழைநீரில் நின்றே கெட்டுப்போயிருக்கிறது. சக்கரத்தின் வெளிவளையமாகச் சேரும் வளைந்த மரத்துண்டுகளே வட்டைகள். ஆறு வட்டைகளில் இரண்டு, விரலால் அழுத்தினாலே உதிர்கின்றன. வட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால்கள். அவற்றில் நான்கு போய்விட்டன. கடற்காற்றில் சக்கரத்தைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டை செதில் செதிலாகத் துரு ஏறியிருக்கிறது.

பிப்ரவரி 2

பொன்னேரியிலிருந்து ஆசாரி ஐயா வந்தார். கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல மரம் கணீரென்கிறது, உளுத்தது மொத்தென்கிறது. “குடத்தில் கை வைக்க வேண்டாம் அம்மா, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்” என்றார். ஆரக்கால்கள் வந்து சேரும் சக்கரத்தின் நடுக்கட்டைதான் குடம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 9

காய்ந்த கருவேலம் என்று பணம் வாங்கிக்கொண்டு மரக்கடையில் பச்சை மரத்தை அனுப்பிவிட்டார்கள். அதை இழைத்துப் பூட்டினால் காயக் காயச் சுருங்கி, வட்டையில் ஆரக்கால் ஆடத் தொடங்கும். திருப்பி அனுப்பிவிட்டேன். ஆசாரி ஐயா தம் பட்டறையில் ஆண்டுக்கணக்காகக் காயவைத்திருந்த கட்டைகளைத் தருகிறார்.

பிப்ரவரி 23

உணவகம் நடத்தும் ஒருவர் வாசலில் அலங்காரமாக நிறுத்த வண்டியைக் கேட்டார். சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட ஆசை. காட்சிக்கு என்றால் பசையும் வார்னிஷும் போதும். சக்கரம் சுமை தாங்கவே வேண்டாம். எனக்கு அப்படி ஒரு வண்டி வேண்டாம். இது ஓட வேண்டும். சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். வருத்தம்தான், ஆனாலும் மாற மாட்டேன்.

மார்ச் 16

பட்டை கட்டிய நாள். ஐந்தடிச் சக்கரத்தில் ஆணியே கிடையாது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது இந்தப் பட்டைதான். கொல்லர் பழைய பட்டையிலேயே ஒரு துண்டை வெட்டியெடுத்து மீண்டும் பற்றவைத்திருந்தார். இப்போது அதன் உட்சுற்று சக்கரத்தின் வெளிச்சுற்றைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் பட்டையைக் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டினோம். சிவந்த இரும்பு அந்த ஓர் அங்குலத்துக்கும் மேலாக விரிந்துகொடுத்தது. நால்வர் கிடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கினார்கள். மரம் புகைந்தது, ஓரத்தில் தீப்பிடித்தது. “ஊற்று, ஊற்று!” நானும் தம்பியும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக ‘டக், டக்’ என்று குடத்துக்குள் இறங்கிய ஓசையை நான் மறக்கப்போவதில்லை. சற்றுநேரம் யாருமே பேசவில்லை.

புதிய வட்டைகள் வெளிறித் தெரிகின்றன. பழையதுபோல் காட்டச் சாயம் பூச மாட்டேன். ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான்.

மார்ச் 23

வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்டோம். சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் கடையாணி செருகினோம். சுமை ஏறினால்தான் சக்கரம் பழகும் என்று ஆசாரி ஐயா சொன்னதால் நான்கு அரிசி மூட்டைகளை ஏற்றி, ஆறு பேர் சேர்ந்து தெருமுனைவரை இழுத்தோம். சித்தப்பாவும் ஒரு கை கொடுத்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஆரக்கால்கள் முனகவில்லை. குடம் மட்டும் கடையாணியில் மோதி ‘லொடக், லொடக்’ என்றது. அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் சக்கரம் இறுகிக்கொள்ளும்.

வண்டியை நுகத்தடியோடு இணைக்கும் ஏர்க்காலில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்கு இரும்பு வளையம் அடிக்க வேண்டும். புதன்கிழமை வருவதாகக் கொல்லர் சொல்லியிருக்கிறார்.