பி.எம்.எஸ். குறுக்கிடத் தேவையில்லாத லித்தியம் அமைப்பு

பொது மின் இணைப்பு எட்டாத இடத்தில் சூரியத் தகடு, சார்ஜ் கன்ட்ரோலர் (தகட்டின் மின்சாரத்தை அளவோடு பேட்டரிக்கு ஏற்றும் கருவி), லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகிய நான்கையும் கொண்டு சிறிய மின் அமைப்பைத் தாமே உருவாக்கிக்கொள்ள விரும்புபவர்கள், பேட்டரி வாங்கும்போது பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அதனுள் இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பேட்டரி மேலாண்மைச் சுற்று) பற்றித்தான். அது இருக்கிறது, ஆகவே மற்றதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த நம்பிக்கை ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன். பி.எம்.எஸ். என்பது கடைசிக் காவல். சார்ஜ் அளவுகள், ஃபியூஸ், கம்பி, இணைப்புகள் ஆகியவை சரியாக அமைந்த ஓர் அமைப்பில் அது குறுக்கிட்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய சந்தர்ப்பமே வரக் கூடாது. அதிலுள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள் பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே உறைந்துவிடுகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழுதான காவல் வெளிப்பார்வைக்கு நல்ல காவல் போலவேதான் தெரியும்.

இங்கு நான் பேசுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பற்றி. இந்த வகையில் ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட், நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். பாஸ்பேட் கட்டமைப்பில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் மிக வலுவாகப் பிணைந்திருப்பதால், சூடேறும்போதும் அது ஆக்சிஜனை எளிதில் விடுவிப்பதில்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த செல்களைவிட இது பாதுகாப்பானது என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. ஆனாலும் அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலோ நசுக்கினாலோ இந்த செல்லும் எரியக்கூடிய, நச்சுத்தன்மை கொண்ட வாயுக்களை வெளியேற்றும். எனவே உறங்கும் அறையில் இதை வைக்க வேண்டாம். மேலும், செல் எளிதில் தீப்பற்றாது என்பதால் அதனோடு இணைந்த கம்பியும் தீப்பற்றாது என்று ஆகிவிடாது. சிறு அமைப்புகளில் நான் அதிகம் அஞ்சுவது கம்பியைத்தான்.

பெரிய செல்லின் உள் எதிர்ப்பு கால் மில்லிஓம் அளவில்தான் இருக்கும். வெறும் செல்களைக் கொண்டு கட்டிய 12 வோல்ட் பேட்டரியில் நான்கு செல்களுக்கும் சேர்த்து 1 மில்லிஓம், கம்பிக்கும் இணைப்புகளுக்கும் இன்னொரு 1 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், நேர் முனையும் எதிர் முனையும் தவறுதலாகத் தொட்டுக்கொள்ளும் கணத்தில் 6,000 ஆம்பியருக்கும் மேல் பாயும். ஆகவே ஃபியூஸ் வாங்கும்போது அது எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதோடு, எத்தனை ஆம்பியர் பாயும்போது அதை அறுத்து நிறுத்த முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். வாகனங்களில் செருகும் சிறு பிளேடு ஃபியூஸ்கள் பொதுவாக 1,000 ஆம்பியர் வரைதான் அறுக்கும். அதற்கு மேல் பாய்ந்தால் உலோகம் உருகிய பிறகும் தீப்பொறி வில் தொடர்ந்து எரியக்கூடும். பேட்டரியின் முதன்மை ஃபியூஸாக 20,000 ஆம்பியர் வரை அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகையை நான் பரிந்துரைக்கிறேன். அதை நேர் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். ஏனெனில் முனைக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள கம்பித் துண்டுக்குப் பாதுகாப்பு எதுவுமில்லை. சர்க்யூட் பிரேக்கர் பொருத்துவதானால் அதில் டி.சி. மதிப்பு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ சுழியத்தைக் கடப்பதால் வில் தானாக அணைய வாய்ப்புண்டு, டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை.

கம்பியின் தடிமனை ஊகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கணக்கு எளிது. 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 90 சதவீதத் திறனுடன் முழுச் சுமையில் இயங்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 93 ஆம்பியர் எடுக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 2 மீட்டர் என்றால், போகவும் வரவும் 4 மீட்டர் கம்பி. 16 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் அந்த நீளத்தின் எதிர்ப்பு 4.3 மில்லிஓம், இழக்கும் மின்னழுத்தம் 0.4 வோல்ட், கம்பியிலேயே வெப்பமாக வீணாவது 37 வாட். 35 சதுர மி.மீ. போட்டால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஃபியூஸ் மதிப்பைத் தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தைப் போல் 1.25 மடங்காக, அதாவது இங்கே ஏறக்குறைய 116 ஆம்பியருக்கு அடுத்த அளவான 125 ஆம்பியராக வைக்கலாம். கம்பி தாங்கும் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஃபியூஸ் பாதுகாப்பது கம்பியை. இதே இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில் இயங்குமானால் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே சுமை 1,500 வாட்டைத் தாண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் 12 வோல்ட்டில் பிடிவாதமாக இருக்க வேண்டாம் என்பேன்.

பலரும் அக்கறை காட்டாத இடம் இணைப்புகள். ஒரு போல்ட்டின் அடியில் 1 மில்லிஓம் எதிர்ப்பு கூடுதலாக இருந்தால், 100 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 10 வாட் வெப்பம் உருவாகும். விரல் நுனி அளவுள்ள உலோகத்துக்கு அது மிக அதிகம். கம்பியின் நுனியில் பொருத்தும் உலோக இணைப்பியான லக்கை ஹைட்ராலிக் கருவியால், கம்பியின் அளவுக்கு ஏற்ற அச்சைப் பொருத்தி நெரிக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக், பார்க்க இறுக்கமாகத் தோன்றினாலும் உள்ளே இழைகளுக்கு இடையே காற்றிடைவெளியோடுதான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு வாஷர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அது லக்குக்கு மேலே, நட்டுக்கு அடியில் இருக்க வேண்டுமே தவிர, லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒருபோதும் வரக் கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு, சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. இன்வெர்ட்டரில் கனமான சுமையைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் முனைத் தண்டின் மீதும் மறுமுனையை லக்கின் குழல் பகுதியிலும் கவனமாகத் தொடவைக்க வேண்டும். 100 ஆம்பியரில் சில மில்லிவோல்ட் மட்டும் காட்டினால் இணைப்பு நன்றாக இருக்கிறது. 50, 100 என்று ஏறினால் கழற்றி, இரு பரப்புகளையும் சுத்தம் செய்து மறுபடி இறுக்க வேண்டும். கை வைத்துச் சூடு பார்ப்பதைவிட இந்த அளவீடு பலமடங்கு நம்பகமானது. இந்த வேலையின்போது மோதிரம், உலோகக் கடிகாரம், வளையல் எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஸ்பேனரின் பிடியில் காப்பு உறை இருக்க வேண்டும்.

சார்ஜ் அளவுகளுக்கு வருகிறேன். இந்த வகை செல்லின் மேல் எல்லை 3.65 வோல்ட், நான்கு செல்லுக்கு 14.6 வோல்ட். பேட்டரியின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் இந்த எண்ணை அப்படியே கன்ட்ரோலரில் பதிவு செய்துவிடுவது வழக்கம். அது எல்லைக்கோடு, தினமும் அதைத் தொட்டுத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. 14.0 முதல் 14.2 வோல்ட் வரை ஏற்றி, அங்கே சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலே பேட்டரி ஏறக்குறைய முழுமையாக நிரம்பிவிடும், செல்களின் மீதான அழுத்தமும் குறையும். உள்ளே செல்லும் மின்னோட்டம் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு, அதாவது 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 5 ஆம்பியருக்கு இறங்கியதும் சார்ஜை முடித்துவிடலாம். நிரம்பிய பிறகு பேட்டரியைத் தாங்கிவைக்கும் ஃப்ளோட் அளவு 13.4 அல்லது 13.5 வோல்ட் போதும். லெட்-ஆசிட் பேட்டரிக்கான ஈக்வலைசேஷன் (செல்களைச் சமன்படுத்த வேண்டுமென்றே அதிக மின்னழுத்தத்தில் ஏற்றும்) கட்டத்தையும், வெப்பநிலைக்கு ஏற்ப மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் கட்டாயம் அணைத்து வைக்க வேண்டும். பழைய சார்ஜர் ஒன்று கையில் இருக்கிறதே என்று அதையே லித்தியத்துக்குப் பயன்படுத்தும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வசதிகளால்தான்.

சற்றுக் குறைவாக ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த செல்களின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் ஏறக்குறைய மாறாமலே இருந்து, நிரம்பும் தறுவாயில் செங்குத்தாக எழும். நான்கு செல்களும் ஒரே அளவில் நிரம்பியிருக்காவிட்டால், மூன்று செல்கள் 3.42 வோல்ட்டில் இருக்கும்போதே நான்காவது செல் 3.65ஐத் தொட்டுவிடும். அப்போது மொத்தம் 13.91 வோல்ட்தான், கன்ட்ரோலர் இன்னும் ஏற்றலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கையில் பி.எம்.எஸ். துண்டித்துவிடும். சூரியத் தகட்டின் மின்சாரத்தை ஏற்றுக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகிவிடுவதால், கன்ட்ரோலரின் வெளியீட்டில் ஒரு கணம் மின்னழுத்தம் எகிறி, நேரடியாக இணைந்திருக்கும் விளக்கையோ மோட்டாரையோ பழுதாக்கலாம். இதற்குத் தீர்வு, செல்களைப் பேட்டரியாகக் கட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இணையாக இணைத்து 3.65 வோல்ட் வரை மெதுவாக ஏற்றிச் சமன் செய்வது. கட்டிய பேட்டரியாக வாங்கியவர்கள், மேல் அளவில் சில மணி நேரம் குறைந்த மின்னோட்டத்தில் நிறுத்திவைத்து, பி.எம்.எஸ்.ஸின் சமன்படுத்தும் சுற்றுக்கு அவகாசம் தர வேண்டும். அந்தச் சுற்று பல பேட்டரிகளில் ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வேலை செய்கிறது; பொறுமை தேவை.

செல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் பிறகு சரியாகாது. குளிர் மிகுந்த இடத்தில் வசிப்பவர்கள் குறைந்த வெப்பநிலையில் சார்ஜைத் தடுக்கும் வசதி பி.எம்.எஸ்.ஸில் மட்டுமல்லாமல் கன்ட்ரோலரிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெப்பம் வேறு விதமாகக் கெடுக்கிறது: உடனே தெரியாது, ஆனால் ஆயுளைத் தின்றுகொண்டேயிருக்கும். நேரடி வெயிலிலும் காற்றோட்டமற்ற தகரப் பெட்டியிலும் பேட்டரியை வைக்க வேண்டாம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலருடன் இணைக்க வேண்டும், அதன் பிறகே சூரியத் தகட்டை. கழற்றும்போது தகடு முதலில். பல கன்ட்ரோலர்கள் அமைப்பின் மின்னழுத்தம் என்ன என்பதைப் பேட்டரியைப் பார்த்தே அறிந்துகொள்கின்றன. தகட்டின் திறந்த சுற்று மின்னழுத்தம் (சுமை எதுவும் இணைக்காதபோது காட்டுவது) குளிரில் கூடும் என்பதால், அந்த அளவில் 50 வோல்ட் உள்ள தகடுகள் இரண்டைத் தொடராக இணைத்து 100 வோல்ட் கன்ட்ரோலரில் செருகினால், குளிர்ந்த காலையில் அது எல்லையைத் தாண்டிவிடும். இன்வெர்ட்டரின் உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது நேரடியாக இணைத்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து முனையில் தீப்பொறி தெறிக்கும், பி.எம்.எஸ்.ஸும் அதைக் குறுக்குச்சுற்று என்று எண்ணித் துண்டிக்கலாம். தகுந்த வாட் அளவுள்ள 25 முதல் 50 ஓம் வரையிலான ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகச் சில நொடிகள் முன்சார்ஜ் செய்துவிட்டு, பிறகு முதன்மை சுவிட்சைப் போடலாம்.

மாதக்கணக்கில் அமைப்பைப் பயன்படுத்தாமல் விடுவதானால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைத்து, முதன்மை சுவிட்சால் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுச் செல்ல வேண்டும். சுமை எதுவும் இல்லாமல் சும்மா எரியும் இன்வெர்ட்டர் 10 வாட் எடுத்தாலே, பாதி நிரம்பிய 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளுக்குள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு பி.எம்.எஸ். சுமையைத் துண்டித்தாலும், தன் சொந்தச் செலவுக்காகச் செல்களிலிருந்து சிறிதளவு எடுத்துக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது ஏதாவது ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே நீண்ட நாள் கிடந்திருந்தால், அதன் உள்ளே எதிர்மின்முனையின் செப்புத் தகடு கரைந்திருக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு மீண்டும் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். அப்படிப்பட்ட செல்லுக்கு உயிரூட்ட முயல வேண்டாம். முனைகளைக் காப்பு நாடாவால் மூடி, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட வேண்டும்.