பத்து ஓம் கேட்கும் ரேடியோ

போன மாதம் நண்பர் ஒருவர் தன் பழைய செவர்லேயைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அண்ணே, ரேடியோவுல விளக்கு எரியுது, சத்தம்தான் வரலை." 1960-களின் நடுவில் வந்த வண்டி. டாஷ்போர்டில் ஐந்து பட்டன் வைத்த டெல்கோ ஏ.எம். ரேடியோ.

மேலே இருந்த ஜாலியைக் கழற்றினேன். உள்ளே 4×10 இன்ச் ஸ்பீக்கர். அசைந்து சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பு, அதாவது கோன், சருகாகியிருந்தது. விரல் பட்டதும் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. மீட்டர் வைத்தால் உள்ளே கோனை அசைக்கும் கம்பிச்சுருளும் (காயில்) அறுந்திருக்கிறது. பழையதன் மின்தடை எத்தனை ஓம் என்று அளக்க வழியில்லை. கார் ஸ்பீக்கர் என்றால் 4 ஓம்தானே என்று, அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். அளவு சரி, திருகு ஓட்டை சரி, பாட்டும் வந்தது.

அரை மணி நேரம்தான் வந்தது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு, டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை, அப்புறம் ஒன்றுமே இல்லை. பிரித்துப் பார்த்தால், டிரான்சிஸ்டரின் எமிட்டர் முனையில் இருக்கும் அரை ஓமுக்கும் குறைவான ஃபியூஸ் ரெசிஸ்டர் போயிருந்தது. அது போனதால் டிரான்சிஸ்டர் பிழைத்தது. இத்தனை வருடம் சால்டரிங் அயர்ன் பிடித்தவன் சர்வீஸ் தாளைப் புரட்டாமல் கை வைத்ததற்கு இது சின்ன தண்டனைதான்.

அந்தக் கால டெல்கோ செட்டில் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு ஜெர்மானியம் பவர் டிரான்சிஸ்டர் இருக்கும். கிளாஸ் ஏ வேலை. பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் அதில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் சும்மா இருக்கும்போதே சூடு. அது எதிர்பார்ப்பது 8 முதல் 10 ஓம். அங்கே 4 ஓமைக் கொடுத்தால் கரண்ட் இழுவை கூடும். ஜெர்மானியத்துக்குச் சூடு ஏறினால் லீக்கேஜ், அதாவது கசியும் கரண்ட், கூடும், லீக்கேஜ் கூடினால் இன்னும் சூடு ஏறும். ஒருமுறை அந்தச் சுழலில் மாட்டினால் நிற்காது. 10 கேட்கும் இடத்தில் 8 போட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு செட் வேறு ஜாதி. அதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, பெரும்பாலும் 3.2 அல்லது 4 ஓம் கேட்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் அதை ஆன் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும்.

மீட்டர் விஷயத்திலும் ஒரு குழப்பம் வரும். அது காட்டுவது டி.சி. தடையை மட்டும்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் 6 அல்லது 7 காட்டும், 4 ஓமில் மூன்றரை சொச்சம். 7 காட்டுகிறது என்று 7 ஓம் ஸ்பீக்கரைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது, அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். நூறு வாட்ஸ் தாங்கும் என்றால் தாங்கட்டும், இந்த ரேடியோ கொடுப்பதே சில வாட்ஸ்தான். பார்க்க வேண்டியது பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் சென்சிடிவிட்டி, கொடுக்கும் பவருக்கு எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்ற கணக்கு. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 94-க்குப் பதில் 88 வாங்கினால் நான்கு மடங்கு. பழைய ஸ்பீக்கரில் கோனும் ஓரமும் லேசான காகிதம், ஊதினாலே அசையும். இப்போதைய கனத்த கோனையும் ரப்பர் ஓரத்தையும் அசைக்க இந்த ரேடியோவுக்குத் தெம்பு போதாது.

ரெசிஸ்டரை மாற்றிவிட்டு, இரட்டை வாய்ஸ் காயில் வைத்த 4×10 ஒன்று வாங்கினேன். ஒரே கோன், காயில் மட்டும் 4 ஓமில் இரண்டு. ஒன்றன் பின் ஒன்றாக, சீரிஸாக இணைத்தால் 8. இங்கேயும் முதல் தடவை சொதப்பினேன். பிளஸ்ஸுடன் பிளஸ்ஸைச் சேர்த்துவிட்டேன். ஒரு காயில் தள்ள, இன்னொன்று இழுக்க, கோன் நின்ற இடத்திலேயே நின்றது. பாட்டு கொசு முனகுவது போல வந்தது. கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு காயிலிலும் ஒரு நொடி தொட்டேன். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸில் சேர்த்தேன். முழுக் குரல் வந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹீட் சிங்கைத் தொட்டேன். சூடுதான், ஆனால் கை வைக்க முடிந்தது.

பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடவில்லை. சட்டமும் காந்தமும் நன்றாகவே இருக்கின்றன. கோனும் காயிலும் புதிதாகப் போட்டால், இந்த ரேடியோவுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

வண்டியை எடுக்க வந்தவர் ஓரிரு பாட்டு கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பெட்டியில ரெண்டு ட்வீட்டர்னு போட்டிருக்கே அண்ணே, கணீர்னு வரலையே?"

"ஏ.எம். ரேடியோப்பா இது. ட்வீட்டர்ங்கிறது கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர். அதுக்கு வேலை கொடுக்குற அளவுக்கு இதுல எதுவும் வராது."

"அப்ப எதுக்கு அது?"

"பெட்டி மேல போடறதுக்கு."